துப்பாக்கியைக் கடலில் எறிந்தவன்

ஃபிரீசியா நாட்டு அரசன் சிமோஸ்கோவிடம் அதுவரை எந்த வீரனும் கண்டிராத ஓர் ஆயுதம் இருக்கிறது. நீண்ட இரும்புக் குழல். உள்ளே கருமருந்தும் ஈயக் குண்டும். பின்பக்கம் நெருப்பை வைத்தால் இடிபோல் முழங்கி, எதிரே நிற்பவன் வாளை உருவுவதற்கு முன்பே அவனைச் சாய்த்துவிடும். அதைக் கொண்டுதான் ஒலிம்பியா என்ற பெண்ணின் தந்தையை அவன் கொன்றான். அவளுக்காக ஓர்லாண்டோ என்ற வீரன் வருகிறான். சிமோஸ்கோ மறைந்திருந்து சுடுகிறான். குண்டு பட்டுக் குதிரை விழ, ஓர்லாண்டோ எழுந்து காலால் ஓடியே துரத்திப் பிடித்து அவனை முடிக்கிறான். வென்றவனுக்குக் கொள்ளைப் பொருளில் பங்கு உண்டு. ஓர்லாண்டோ அந்தக் குழலை மட்டும் எடுத்துக்கொள்கிறான். கப்பல் ஆழ்கடலுக்குப் போனதும், வீரனையும் கோழையையும் ஒரே தட்டில் நிறுத்தும் அந்தப் பொருளைச் சபித்து நீரில் எறிந்துவிடுகிறான்.

லுடோவிகோ அரியோஸ்தோ எழுதிய ‘ஓர்லாண்டோ ஃபூரியோசோ’ காவியத்தின் ஒன்பதாம் காண்டத்தில் வரும் காட்சி இது. கவிஞர் 1474-இல் பிறந்து 1533-இல் மறைந்தவர். காவியத்தின் முதல் பதிப்பு 1516-இல் 40 காண்டங்களோடு வந்தது. அவர் சாவதற்கு முந்தைய ஆண்டு, 1532-இல் வந்த கடைசிப் பதிப்பில் 46 காண்டங்கள், 38,736 அடிகள். ஒலிம்பியாவின் கதை அந்தக் கடைசிப் பதிப்பில்தான் சேர்ந்தது. என்னை உலுக்கியது வேறொரு செய்தி. இதை எழுதியபோது அரியோஸ்தோ சோறு வாங்கிய வீடு ஃபெராரா நகரத்து எஸ்தே அரச குடும்பம். அதன் தலைவர் டியூக் முதலாம் அல்ஃபோன்சோ, பீரங்கி வார்ப்பதில் ஐரோப்பாவிலேயே பேர் பெற்றவர். திசியானோ அவரை வரைந்த ஓவியத்தில்கூட ஒரு கை பீரங்கியின் மேல்தான் இருக்கிறது. அப்படிப்பட்டவர் வீட்டுக் கவிஞர் துப்பாக்கியைச் சபிக்கிறார் என்றால், அந்த ஊரை ஒருமுறை பார்த்தாக வேண்டும் என்று தோன்றியது.

பொலோஞாவிலிருந்து வடக்கே போகும் ரயிலில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் ஃபெராரா வந்துவிடுகிறது. வழியெங்கும் சமவெளி, மேடு என்று சொல்ல ஒன்றுமில்லை. நிலையத்திலிருந்து ஒரே நேர்ச்சாலை கோட்டைக்குக் கொண்டுபோய் விடுகிறது. செங்கல் நகரம் இது. தேவாலயத்தின் முகப்பைத் தவிர்த்தால் பளிங்கைத் தேடித்தான் பார்க்க வேண்டும். சந்தைக்குப் போகும் பாட்டிகளும் கோட் அணிந்த வக்கீல்களும் சைக்கிளில்தான் போகிறார்கள். ஒன்பது கிலோமீட்டர் நீளத்துக்கு நகரைச் சுற்றி மதில் நிற்கிறது. அதன் மேல் மரநிழலில் நடக்கலாம், ஓடலாம். அல்ஃபோன்சோவின் தந்தை முதலாம் எர்கொலே 1492-இலிருந்து வடக்கே ஒரு புதிய நகரத்தையே திட்டமிட்டுச் சேர்த்தார். பியாஜோ ரோசெத்தி வகுத்த அந்த அகன்ற நேர்த்தெருக்களுக்காகத்தான் 1995-இல் யுனெஸ்கோ ஃபெராராவை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

மதில் மேல் நடக்கும்போது பீரங்கி மேடைகள் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். அல்ஃபோன்சோவுக்கு அது விளையாட்டில்லை. போப் இரண்டாம் ஜூலியஸ் அவருடைய நாட்டை விழுங்கக் காத்திருந்தார். பொலோஞாவில் ஜூலியஸுக்கு மைக்கலாஞ்சலோ ஒரு வெண்கலச் சிலை வடித்திருந்தார். 1511-இல் மக்கள் அதை இழுத்துத் தள்ளியபோது, அல்ஃபோன்சோ அந்த வெண்கலத்தை வாங்கி உருக்கி ஒரு பீரங்கி வார்த்தார். அதற்கு ‘ஜூலியா’ என்று பெயரும் வைத்தார். அடுத்த ஆண்டு, 1512 ஏப்ரல் 11, ராவென்னாவில் போர். பிரெஞ்சுப் படையோடு நின்ற அல்ஃபோன்சோ தன் பீரங்கிகளைச் சுற்றிக் கொண்டுபோய் எதிரியின் பக்கவாட்டில் நிறுத்தியதுதான் அன்றைய முடிவைத் தீர்மானித்தது. செத்தவர்கள் பத்தாயிரத்துக்கும் மேல். வென்ற பிரெஞ்சுப் படையின் இளம் தளபதி காஸ்தோன் தெ ஃபுவாவும் பிணங்களுக்கு நடுவே கிடந்தார். சண்டை ஓய்ந்த களத்தை அரியோஸ்தோ தம் கண்ணால் பார்த்தார். பிறகு தம் காவியத்தில் அந்த வெற்றியைப் பற்றிப் பேசும்போது, புகழ்ச்சியோடு விதவைகளின் கண்ணீரையும் சேர்த்தே வைத்தார்.

அரியோஸ்தோவுக்குத் துணிச்சல் என்பது, தன்னை அடிக்கக்கூடிய தூரத்தில் எதிரியையும் நிற்க விடுவது. தனக்கு ஆபத்தில்லாத இடத்திலிருந்து கொல்பவனை அவர் வீரனாக ஏற்கவில்லை. சமவெளியைப் பார்த்தபடி பீரங்கி மேடையில் உட்கார்ந்திருந்தபோது, இன்று ஆயிரம் மைல் தள்ளி, ஒரு திரையின் முன்னால் உட்கார்ந்து குண்டு போடுகிறவர்களை நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஆனால் அரியோஸ்தோ அந்தக் கதையை ஓர்லாண்டோ எறிந்ததோடு விட்டுவிடவில்லை. பதினோராம் காண்டத்தில் அதே குழலை யாரோ மந்திரத்தால் ஆழ்கடலிலிருந்து வெளியே எடுக்கிறார்கள். பிறகு அது ஜெர்மனிக்குப் போய், இத்தாலிக்கு வந்து, பிரான்சுக்குப் பரவி, பேரும் உருவும் மாறிப் பெருகுகிறது. ஒரு வீரன் அதை எறிந்துவிட்டதால் உலகம் காப்பாற்றப்பட்டது என்ற பொய்யை அவர் நமக்குச் சொல்லவில்லை. எறிவது வீண் என்றும் சொல்லவில்லை. இந்த இரண்டையும் ஒருங்கே தாங்கி நிற்பதால்தான் அவரை நான் நம்புகிறேன்.

கோட்டை நகரின் நடுவே, நாற்புறமும் நீர் நிறைந்த அகழியோடு நிற்கிறது. வரிச் சுமை தாங்காமல் மக்கள் கலகம் செய்த 1385-இல், அந்த மக்களிடமிருந்து தங்களைக் காத்துக்கொள்ள எஸ்தேக்கள் கட்டத் தொடங்கியது. மேல்தளத்தில் ஓவியம் தீட்டிய கூரைகள், ஆரஞ்சு மரங்கள் வைத்த மாடித்தோட்டம். கீழே இறங்கினால் சிறை. வாசல் குறுகலானது, குனிந்துதான் போக வேண்டும். பாரிசினா மலாத்தெஸ்தா என்ற இருபது வயதுப் பெண்ணும், அவள் கணவனின் முதல் உறவில் பிறந்த ஊகோ என்ற இளைஞனும் காதலித்தார்கள் என்பதற்காக, 1425 மே மாதம் இங்கே இருவரின் தலையும் வெட்டப்பட்டது. உத்தரவிட்டவர் கணவரும் தந்தையுமான மார்க்வெஸ் மூன்றாம் நிக்கொலோ. அவருக்கு எத்தனை ஆசைநாயகிகள் என்பது ஊரறிந்த கதை. அவருக்குப் பின் ஆண்ட லெயொனெல்லோ, போர்சோ இருவருமே மணவாழ்க்கைக்கு வெளியே பிறந்த பிள்ளைகள்தான்.

அந்த அறையில் நின்றபோதுதான் நான்காம் காண்டத்தின் கனம் எனக்குப் புரிந்தது. ரினால்தோ என்ற வீரன் ஸ்காட்லாந்துக்குப் போகிறான். அங்கே ஒரு சட்டம்: மணமாகாமல் ஒருவனோடு சேர்ந்த பெண்ணுக்கு, அவளுக்காக வாளெடுக்க யாரும் வராவிட்டால், மரணம். இளவரசி ஜினெவ்ரா மீது அந்தப் பழி விழுந்திருக்கிறது. அவள் குற்றமற்றவள் என்று நிரூபிக்க ஆள் தேடுகிறார்கள். எந்தக் காவிய நாயகனும் அந்த இடத்தில், அவள் தூய்மையானவள் என்று அடித்துச் சொல்லிக் களமிறங்குவான். ரினால்தோ அப்படிப் பேசவில்லை. அவள் அப்படிச் செய்தாளா இல்லையா என்பது தனக்கு முக்கியமில்லை, காதலனைத் தழுவிய பெண்ணைக் கொல்லச் சொல்லும் சட்டத்தை இயற்றியவன்தான் குற்றவாளி என்கிறான். ஆண் எத்தனை பேரோடு வேண்டுமானாலும் போகலாம், அதைப் பெருமையாகப் பேசலாம், பெண்ணுக்கு மட்டும் ஏன் தண்டனை என்று கேட்கிறான். பாரிசினாவைக் கொன்ற குடும்பத்தின் சம்பளத்தில் இருந்துகொண்டு, அந்தக் கோட்டையிலேயே படிக்கப்படும் என்று தெரிந்தும் எழுதப்பட்டது இது. கற்பு என்று இரு பாலாருக்கும் இருவேறு அளவுகோல் வைத்திருக்கும் எந்த ஊரிலும் இன்றைக்கும் இதைச் சத்தமாகப் படிக்கலாம்.

சிறையில் இன்னொரு கதை உண்டு. அது அரியோஸ்தோவை நேரடியாகத் தொடுகிறது. அவருடைய எசமானர் கர்தினால் இப்போலிதோ, அல்ஃபோன்சோவின் தம்பி. அல்ஃபோன்சோவின் மனைவி லுக்ரேசியா போர்ஜியாவோடு வந்த ஆஞ்சேலா போர்ஜியா என்ற பெண்ணை அவர் விரும்பினார். அவளோ, இன்னொரு சகோதரனான ஜூலியோவின் கண்களைப் புகழ்ந்தாளாம். 1505-இல் கர்தினாலும் அவர் ஆட்களும் ஜூலியோவை வழிமறித்துக் கண்களைக் குத்தினார்கள். அல்ஃபோன்சோ நியாயம் செய்யவில்லை. மறு ஆண்டு ஜூலியோவும் இன்னொரு சகோதரன் ஃபெர்ரான்தேயும் சேர்ந்து சதி செய்து அகப்பட்டார்கள். மரண தண்டனை கடைசி நேரத்தில் ஆயுள் சிறையானது. ஃபெர்ரான்தே 1540-இல் உள்ளேயே இறந்தார். ஜூலியோ வெளியே வந்தது 1559-இல், 53 ஆண்டுகள் கழித்து, எண்பதைத் தாண்டிய கிழவராக.

அரியோஸ்தோ இதில் எங்கே நின்றார்? சதி வெளிப்பட்ட உடனே அவர் எழுதிய ஒரு கவிதை எசமானர்களின் பக்கம் நின்று சதிகாரர்களைத் திட்டியது. அதை மறைத்து அவரைப் போற்றுவது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. அவர் பயந்தார், அல்லது நம்பினார். சம்பளக்காரருக்கு இரண்டும் ஒன்றாகிப்போகும் நேரங்கள் உண்டு. ஆனால் பத்தாண்டு கழித்துக் காவியத்தின் மூன்றாம் காண்டத்தில் அவர் வேறொன்றைச் செய்தார். எஸ்தே குலத்தின் ஆதித் தாயாக அவர் படைத்தது பிரதமாந்தே என்ற பெண் வீரர். அவளுக்கு மெலிஸ்ஸா என்ற மந்திரக்காரி, இனிப் பிறக்கப்போகும் வாரிசுகளின் ஆவிகளை வரிசையாகக் காட்டுகிறாள். எல்லாரும் ஒளியோடு வருகிறார்கள். இருவர் மட்டும் தலைகுனிந்து, ஒதுங்கி வருகிறார்கள். இவர்கள் யார், சகோதரர்கள் ஏன் இவர்களை விலக்குகிறார்கள் என்று பிரதமாந்தே கேட்கிறாள். மெலிஸ்ஸாவின் கண் நிறைகிறது. இவர்களும் உங்கள் இரத்தம்தானே, நீதி இங்கே இரக்கத்துக்கு வழிவிடட்டும் என்று எர்கொலேயின் பிள்ளைகளைப் பார்த்து மன்றாடுகிறாள். அதற்கு மேல் கேட்காதே என்று பேச்சை முடித்துவிடுகிறாள். 1516-இல் இது அச்சில் வந்தபோது காவியம் யாருக்குக் காணிக்கையானது? கண்ணைக் குத்திய அதே கர்தினாலுக்கு. புகழ்ச்சிப் படலத்துக்கு நடுவில், புகழப்படுகிறவரின் கையிலுள்ள இரத்தத்தை மெல்லத் திருப்பிக் காட்டிவிட்டார். அதனால் யாருக்கும் விடுதலை கிடைக்கவில்லை. ஆனாலும் சிறைக்குள் இருந்தவர்களுக்காக அந்த அரசவையில் எழுந்த குரல்களில் இன்றுவரை கேட்பது இது ஒன்றுதான்.

காவியம் வந்த மறு ஆண்டு கர்தினால் ஹங்கேரிக்குத் தம் பரிவாரத்தோடு கிளம்பினார். கவிஞரும் வர வேண்டும் என்றார். அரியோஸ்தோ முடியாது என்றுவிட்டார். உடம்பு அந்தக் குளிருக்கும் அடுப்புப் புகைக்கும் தாங்காது, வயதான தாயை விட்டு வர முடியாது என்று காரணங்கள் சொன்னார். அவை பொய்யில்லை. 1500-இல் தந்தை இறந்தபோது பத்துப் பிள்ளைகளில் மூத்தவரான அவர் தலையில்தான் குடும்பம் விழுந்தது. படிப்பை ஒதுக்கிவைத்து, தங்கைகளைக் கரையேற்றி, தம்பிகளை ஆளாக்கியவர். ஆனால் இதைப் பற்றி அவர் எழுதிய நீண்ட கவிதைக் கடிதத்தில் அடியில் ஓடுவது வேறு. நீங்கள் தந்த பொருளால் என்னை வாங்கிவிட்டதாக நினைத்தால் அதைத் திருப்பித் தந்துவிடுகிறேன், என் சுதந்திரத்தை எடுத்துக்கொள்கிறேன் என்கிற அளவுக்குப் போகிறார். வேலை போயிற்று. காவியத்தில் அரக்கர்களோடு மோதுகிற நாயகர்கள் ஏராளம். எனக்கு அவர்கள் எல்லாரையும் விட, நாற்பது வயது தாண்டி, குடும்பச் சுமையோடு, நிரந்தர வருமானத்தை நோக்கி ‘மாட்டேன்’ என்று சொன்ன இந்த மனிதர் பெரியவராகத் தெரிகிறார்.

அவர் வீடு இன்றும் இருக்கிறது. கோட்டைக்கு வடமேற்கே, அவர் பெயரே தாங்கிய தெருவில், பூச்சில்லாத செங்கல் முகப்போடு இரண்டடுக்கு வீடு. முகப்பில் அவரே லத்தீனில் பொறித்துவைத்த வாசகம்: வீடு சிறியது, ஆனால் எனக்குப் போதும், யாருக்கும் கடன்பட்டதில்லை, அசிங்கமில்லை, என் காசில் வாங்கியது என்ற பொருளில். அல்ஃபோன்சோவிடம் பின்னர் சேவையில் இருந்து சேர்த்த பணத்தில், ஐம்பது வயதைத் தாண்டி வாங்கியது. உள்ளே பெரிதாக ஒன்றுமில்லை. வெளிச்சம் விழும் ஓர் அறை, அவர் நினைவாகச் சில பொருள்கள், பின்னால் தோட்டம். அரண்மனைகள் நிறைந்த ஊரில் நான் அதிக நேரம் இருந்தது இங்கேதான்.

தோட்டத்தைப் பற்றி அவர் மகன் விர்ஜீனியோ எழுதிவைத்த குறிப்புகள் எனக்கு மிகவும் பிடித்தவை. அப்பா செடிகளையும் தம் பாடல்களைப் போலவே நடத்தினார், எதையும் மூன்று மாதத்துக்கு மேல் ஒரே இடத்தில் விட்டுவைக்க மாட்டார் என்கிறார். பீச் கொட்டையை ஊன்றினால் முளைத்ததா என்று அடிக்கடி போய்க் கிளறிப் பார்த்தே முளையை ஒடித்துவிடுவாராம். ஒருமுறை கேப்பர் செடி என்று நினைத்து ஆசை ஆசையாக வளர்த்தது கடைசியில் வேறொரு செடியாக இருந்ததாம். காவியத்தை 1516-இல் வெளியிட்டு, 1521-இல் திருத்தி, 1532-இல் மறுபடியும் சொல் சொல்லாக மாற்றி ஆறு காண்டம் கூட்டியவரின் கை அது. இங்கேதான் அந்தக் கடைசித் திருத்தங்கள் நடந்தன.

கவிஞர் காதலித்த அலெஸ்ஸாந்த்ரா பெனூச்சி இங்கே குடியிருக்கவில்லை. அரியோஸ்தோ 1513-இல் ஃபுளோரன்சில் திருவிழாவின்போது அவரைப் பார்த்து மனம் கொடுத்தார்; பின்னர் அந்தப் பெண் கணவரை இழந்தார். பல ஆண்டு கழித்து இருவரும் இரகசியமாக மணந்துகொண்டார்கள். மணம் வெளியே தெரிந்தால் அவருக்கு முதல் கணவரின் சொத்து சம்பந்தமான உரிமை போகும், இவருக்குத் திருச்சபை வழியாக வந்த வருமானம் போகும். எனவே சாகும்வரை தனித்தனி வீட்டில் வாழ்ந்தார்கள். பெரிய காதல் காவியத்தை எழுதியவர் தம் காதலை ஊர் அறியாமல் வைத்திருந்தார் என்பதை நினைக்கையில், காவியத்தின் காதல்கள் எல்லாமே வேறு நிறம் கொள்கின்றன.

ஏனென்றால் காதலை அவர் எளிதில் புகழ்வதில்லை. உலகத்தின் மிகப் பெரிய வீரன் ஓர்லாண்டோ அதனால்தான் பைத்தியமாகிறான். அவன் துரத்தித் திரிந்த இளவரசி அஞ்சேலிகா, அரசர்கள் எல்லாரையும் உதறிவிட்டு, மெதோரோ என்ற சாதாரணப் படைவீரனை மணக்கிறாள். யார் இந்த மெதோரோ? தோற்ற பக்கத்துச் சிப்பாய். கொல்லப்பட்ட தன் தலைவனின் உடலை அடக்கம் செய்ய, நண்பன் க்ளோரிதானோவோடு இரவில் எதிரிகளின் பாசறைக்குள் புகுந்தவன். நண்பன் செத்தான், இவன் குற்றுயிராகக் கிடந்தான். அஞ்சேலிகா பச்சிலை வைத்துப் பிழைக்கவைத்தாள். யாரும் பார்க்காத இருட்டில், எந்தப் பரிசும் இல்லாமல், செத்தவனுக்காக உயிரைப் பணயம் வைத்த ஒருவனுக்குத்தான் அரியோஸ்தோ அந்தப் பெண்ணின் அன்பைக் கொடுக்கிறார். அது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. ஓர்லாண்டோவோ மரங்களில் செதுக்கிய இருவர் பெயரையும் படித்து, அதற்கு ஆயிரம் சமாதானம் சொல்லிப் பார்க்கிறான். உண்மை உறுதியானதும் கவசத்தைக் கழற்றி வீசி, மரங்களை வேரோடு பிடுங்குகிறான். தனக்கு உரிமை என்று அவன் நினைத்தது அன்பே இல்லை. அவள் ஒருநாளும் அவனுக்கு வாக்களித்தவள் இல்லை. அவன் தொலைத்த புத்தியை எடுத்துவர அஸ்தோல்ஃபோ என்ற வீரன் நிலாவுக்குப் போகிறான். பூமியில் தொலைந்ததெல்லாம் அங்கே குவிந்திருக்கிறது. புத்தி ஒரு குப்பியில். இருப்பதிலேயே பெரிய குப்பி ஓர்லாண்டோவினுடையது.

ஒரு காலையில் சைக்கிளை வாடகைக்கு எடுத்துக்கொண்டு போ ஆற்றைப் பார்க்கப் போனேன். பழைய காலத்தில் ஃபெராராவைத் தொட்டுக்கொண்டு ஓடிய ஆறு, பன்னிரண்டாம் நூற்றாண்டில் கரையை உடைத்துக்கொண்டு வடக்கே நகர்ந்துவிட்டது. இன்று நகரிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டர் மிதித்தால்தான் பொந்தெலாகோஸ்கூரோவில் தண்ணீர் கண்ணில் படும். உயர்ந்த கரையின் மேல் கடல்வரை சைக்கிள் பாதை போகிறது. ஒருபுறம் பழுப்பு நிற ஆறு, மறுபுறம் ஆற்றைவிடத் தாழ்ந்த வயல்கள். காவியத்தில் ரினால்தோ இந்த ஆற்றில்தான் படகேறிக் கடலை நோக்கிப் போகிறான். இன்னும் பெரிய நகரமாகாத ஃபெராராவைப் படகிலிருந்தே பார்க்கிறான். அதற்கு முந்தைய இரவு அவன் ஆற்றங்கரை மாளிகை ஒன்றில் விருந்தினன். வீட்டுக்காரர் தங்கக் கிண்ணத்தில் மது ஊற்றி முன்னால் வைக்கிறார். மந்திரக் கிண்ணம் அது. மனைவி உண்மையாக இருந்தால் குடிக்கலாம். இல்லையென்றால் மது வாய்க்குள் போகாமல் மார்பில் சிந்திவிடும்.

ரினால்தோ கிண்ணத்தை உதடுவரை கொண்டுபோகிறான். பிறகு யோசித்து, மேசையில் திரும்ப வைத்துவிடுகிறான். இத்தனை நாள் நம்பி நன்றாகத்தான் இருந்திருக்கிறேன், இதைக் குடித்து அந்த நம்பிக்கை எந்த விதத்தில் கூடப்போகிறது, குறையத்தான் முடியும் என்பது அவன் வாதம். கண்டுபிடிக்க விரும்பாததை ஏன் தேட வேண்டும்? வீட்டுக்காரர் விம்மி அழத் தொடங்குகிறார். அவரும் ஒருநாள் மனைவியைச் சோதித்தவர். மந்திரத்தால் வேறொருவனின் உருவெடுத்து, நகைகளைக் காட்டி அவள் மனத்தை அசைத்துப் பார்த்தார். அசைந்தாள். உடனே தன் உருவைக் காட்டினார். வெட்கமும் ஆத்திரமும் தாங்காமல் அவள் வீட்டை விட்டே போய், அவர் யாருடைய உருவில் வந்தாரோ அவனோடு வாழப் போய்விட்டாள். அன்றிலிருந்து அவர் வருகிறவர்களுக்கெல்லாம் கிண்ணத்தை நீட்டுகிறார். யாரும் குடிக்க மறுத்ததில்லை. எல்லார் மார்பிலும் மது சிந்தியது. அதைப் பார்த்துத்தான் அவர் ஆறுதல் அடைந்துவந்தார். முதன்முதலாக ஒருவன் மறுத்ததும் அந்த ஆறுதல் உடைந்துபோகிறது.

அரக்கனை வெட்டுவதைவிட அந்தக் கிண்ணத்தைக் கீழே வைப்பதற்கு அதிகத் துணிச்சல் வேண்டும் என்று நினைக்கிறேன். தெரிந்துகொள்ளும் வெறி நம் காலத்தில் கூடியிருக்கிறது. கணவரின் கைப்பேசியை இரவில் எடுத்துப் பார்ப்பது, பிள்ளை எங்கே இருக்கிறான் என்று வரைபடத்தில் புள்ளியைத் துரத்துவது எல்லாமே அந்தக் கிண்ணம்தான். அறியாமையை ரினால்தோ புகழவில்லை. ஒரு மனிதரைச் சோதனைப் பொருளாக்கினால், விடை எதுவாக வந்தாலும் அந்த உறவு செத்துவிடும் என்கிறான்.

நான் தங்கிய வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். அன்று இரவு, பூசணிக்காய் பூரணம் வைத்த பாஸ்தாவை அவர் பரிமாறுகையில் கிண்ணத்தைப் பற்றிக் கேட்டபோது அவர் முகம் மலர்ந்தது. “இந்தக் காண்டத்தை நடத்தும் ஒவ்வொரு வருஷமும் கேட்பேன், யார் குடிப்பீர்கள் என்று. வகுப்பு முழுக்கக் கை தூக்கும். பதினேழு வயசில் எல்லாருக்கும் தெரிஞ்சே ஆகணும்,” என்றார். அடுக்களையிலிருந்து அவர் மனைவி, “நீங்களும் அந்த வயசில் கை தூக்கியவர்தானே?” என்று கேட்டார். “தூக்கினேன். அப்புறம் உன்னைப் பார்த்தேன்,” என்றார் அவர். அந்த அம்மா வெளியே வந்து எனக்கு இன்னொரு கரண்டி வைத்தார்.

அரியோஸ்தோவின் கல்லறை முதலில் சான் பெனெதெத்தோ தேவாலயத்தில் இருந்தது. 1801-இல் பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் அது நகர நூலகத்துக்கு மாறியது. அங்கே அவர் கையெழுத்துத் தாள்களும் பாதுகாப்பில் உள்ளன. அவர் பெயர் கொண்ட சதுக்கத்தில் உயரமான தூண். அதன் உச்சியில் ஒரு காலத்தில் ஒரு போப்பின் சிலை நின்றது. பிறகு சுதந்திர தேவி, பிறகு நெப்போலியன். 1833-இல் கவிஞரை ஏற்றினார்கள். அதற்குப் பின் யாரும் மாற்றவில்லை.

ஃபெராராவோடு பயணத்தை முடித்துக்கொண்டிருக்கலாம். ஆனால் அவர் மிக அதிகமாகக் கஷ்டப்பட்ட இடத்தையும் பார்க்க வேண்டும் போலிருந்தது. லூக்காவிலிருந்து செர்க்கியோ ஆற்றங்கரையோரம் மெல்ல ஏறும் ரயில், இருபுறமும் மலைகளுக்கு நடுவே கஸ்தெல்நுவோவோ தி கார்ஃபஞானாவில் இறக்கிவிடுகிறது. 1522 முதல் 1525 வரை அரியோஸ்தோ இந்த மலைநாட்டுக்கு ஆளுநர். அவர் இருந்த கோட்டைக்கு இன்று அவர் பெயர். ஊர்க்காரர்கள் ஒரு கதை சொல்வார்கள்: மலைப்பாதையில் கொள்ளைக்காரத் தலைவன் ஒருவன் அவரை மறித்து, பேரைக் கேட்டதும் தொப்பியைக் கழற்றி மரியாதையோடு வழியனுப்பினானாம். அழகான கதை. ஆனால் அவர் இங்கிருந்து எழுதிய கடிதங்களைப் படித்தவர்களுக்கு அந்தக் கதையில் மனம் ஒட்டாது.

கடிதங்களில் இருப்பது வேறு உலகம். கொலைகாரர்கள் பட்டப்பகலில் ஊருக்குள் நடமாடுகிறார்கள். கையில் இருப்பது ஒரு சில வில்வீரர்கள். இவர் பிடித்துத் தண்டித்தவனை டியூக் அங்கிருந்தே மன்னித்து விடுகிறார், ஏனென்றால் அந்தக் கொள்ளைக்காரக் குடும்பங்களின் தயவு அரசியலுக்கு வேண்டியிருக்கிறது. மற்றவரை ஆள எனக்குத் தகுதியில்லை, என்னிடம் இரக்கம் அதிகம் என்று ஒரு கடிதத்தில் ஒப்புக்கொள்கிறார். இன்னொன்றில், இந்தப் பதவியில் இருக்கும்வரை நீதியைத் தவிர எனக்கு வேறு நண்பர் இல்லை என்கிறார். இரண்டையும் ஒரே ஆள்தான் எழுதினார். ஒன்றை ஒன்று பொய்யாக்கவில்லை. நடுவில் புதிய போப்பிடம் தூதராகப் போகும் வாய்ப்பு வந்தது. பணமும் பேரும் தரும் வேலை. அதையும் வேண்டாம் என்றார். எனக்கு நன்மை செய்ய நினைத்தால் டியூக் என்னை ஃபெராராவுக்குக் கூப்பிட்டுக்கொள்ளட்டும், தேவாலயத்துக்கும் மார்க்வெஸ்களின் சிலைகளுக்கும் இடையே உலவினால் போதும் என்று பதில் எழுதினார். டியூக் கூப்பிடவில்லை. என்னைவிட வலுவான வயிறுள்ள ஒருவரை அனுப்புங்கள், இந்த அவமானங்களை என்னால் செரிக்க முடியவில்லை என்று கேட்டும் பார்த்தார். அதற்கும் ஆள் வரவில்லை. 1525 ஜூன் வரை அவர் இந்தக் கோட்டையிலேயே இருந்து, ஒவ்வொரு வழக்கையும் விசாரித்து, மன்னிக்கப்பட்ட ஒவ்வொரு கொலைகாரனின் பெயரையும் திரும்பத் திரும்ப டியூக்குக்கு எழுதி அனுப்பிக்கொண்டே இருந்தார்.